பதினைந்தாவது பெண்

ஜூன் 4, புதன்

பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. வராந்தாவில் மேசைகள் போட்டிருந்தார்கள். அறிவியல் பிரிவு மேசையின் வரிசை கேட் வரை போயிற்று. என் மேசை கடைசி: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். எங்கள் கணினி ஆசிரியை கோகிலவாணி வண்ணச் சார்ட் எழுதி மேசையின் முன்னால் ஒட்டினாள். சின்னப் பெண், வாய் ஓயாது.

"காய்கறிக் கடை போட்ட மாதிரியே இருக்கு மிஸ். கூவட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. மதியம் வரை வந்த பிள்ளைகள் எல்லோரும் மதிப்பெண் போதாது என்று அறிவியல் மேசையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்.

மாலை தலைமையாசிரியை தமயந்தி கூப்பிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி மாணவியர் எண்ணிக்கை எடுப்பார்கள். எங்கள் பிரிவு பதினைந்துக்குக் கீழே போனால் மூடிவிடுவார்கள். என் பணியிடம் உபரியாகும். உபரி ஆசிரியர்களைக் காலியிடம் இருக்கும் வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவதற்குப் பணிநிரவல் என்று பெயர். போன வருடம் தமிழாசிரியை ஒருவரை அப்படி மலைமேல் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள்.

"பாத்துக்குங்க பூங்கோதை" என்றார்.

மகள் அமுதினிக்குப் பள்ளிப் பை வாங்கினேன். அவளும் இந்த வருடம் பதினொன்றுதான், தனியார் பள்ளியில். இன்னும் இரண்டு வருடம் நான் இந்த வீட்டை விட்டு நகர முடியாது.

ஜூன் 11, புதன்

பதினான்கு பேர். மூன்று நாளாக அதே பதினான்கு.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் நாகமணி, திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. கம்பெனி வேனில் போய் வருகிறாள். மகள் யோகஸ்ரீ. நல்ல மதிப்பெண். அறிவியல் மேசையில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மதிப்பெண்.

"ஏனுங்க மிஸ், இவ நர்சு ஆகோணும்னு சொல்றாளுங்க. எந்தப் பக்கம் நிக்கோணுங்க?"

அந்த மேசை என்று கை காட்டியிருக்கலாம். அங்கே வரிசை நீளமாக இருந்தது, நல்ல வெயில். உட்காருங்கள் என்றேன்.

"ஊசின்னா பயமில்லையா?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குச் சக்கரை மிஸ். தெனமும் நாந்தான் ஊசி போட்டு உடறேன். அம்மா பாக்கவே மாட்டாங்க."

"ஆமாங்க. நான் கண்ண மூடிக்குவேன்" என்று நாகமணி சிரித்தாள்.

அறிவியல் படிப்பு தனிப்பயிற்சி இல்லாமல் கடினம் என்றேன். எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்றேன். கணக்கும் கணினியும் தெரிந்த பெண்ணுக்கு எந்தக் கம்பெனியிலும் அலுவலகத்தில் நாற்காலி உண்டு என்றேன். இவை எல்லாம் உண்மை.

"அப்ப நர்சு, மிஸ்?" என்று யோகஸ்ரீ கேட்டாள்.

"எல்லாத்துக்கும் வழி இருக்கும்மா. முதல்ல நல்லா படி" என்றேன்.

நாகமணி அறிவியல் மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, எனக்குப் பிள்ளைகள் உண்டா, என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். பதில் சொன்னேன். அதன் பிறகு அவள் யோசிக்கவில்லை.

"மிஸ்ஸே சொல்றாங்கல்ல கண்ணு. ஒக்காரு இங்கயே."

பதினைந்து. தலைமையாசிரியை டீயும் போண்டாவும் கொடுத்தனுப்பினார். போண்டாவைக் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெய்ப் பண்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 14, சனி

துவைத்தேன். திரைச்சீலைகளையும் சேர்த்து.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. பற்று, வரவு இரண்டையும் முதல் நாளே பிடித்துக்கொண்டவள் யோகஸ்ரீ ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என் வேலை பாதி குறையும்.

அவளுக்கு இந்தப் பாடம் வருகிறது. வராத பாடத்தில் கொண்டுபோய் நான் யாரையும் தள்ளவில்லை.

ஜூலை 3, வியாழன்

கணினி ஆய்வகத்துக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியையின் மேசை டிராயரில். எங்கள் பிள்ளைகள் இதுவரை கணினிப் பாடத்தைக் கரும்பலகையில் படிக்கிறார்கள். கோகிலவாணி கீபோர்டைச் சாக்பீஸால் வரைந்து, எழுத்துகள் மேல் விரல் வைக்கச் சொல்கிறாள்.

"அந்த லேப்ல வேலை செய்யறது ரெண்டு பல்லி மட்டும்தான் மிஸ். ரெண்டும் பர்மனென்ட்" என்றாள் ஆசிரியர் அறையில். அவள் இன்னும் தொகுப்பூதியம்.

அமுதினி எலும்புகளின் பெயர்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கச் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னது: பிரிவு மாற நினைக்கும் பிள்ளைகள் இம்மாதம் முடிவதற்குள் மாறிக்கொள்ளலாம். அதன் பிறகு கல்வித்துறை இணையதளத்தில் மாற்ற முடியாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆய்வகம் திறந்தாயிற்று. கோகிலவாணி சண்டை போட்டு வாங்கினாள். பிள்ளைகள் செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள்; யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. நானும் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரு கணினி. திரை ஒளிர்ந்தபோது கைதட்டினார்கள்.

முதல் பயிற்சியாகக் கோகிலவாணி கொடுத்த வேலை: பன்னிரண்டாவது முடித்து எந்தப் படிப்பில் சேர விருப்பமோ அதை இணையத்தில் தேடி, தகுதி, கால அளவு, கட்டணம் மூன்றையும் தட்டச்சு செய்ய வேண்டும்.

நல்ல பயிற்சி. நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஜூலை 16, புதன்

உணவு இடைவேளையில் யோகஸ்ரீ வந்தாள். டிபன் பாக்ஸை மூடினேன்.

"மிஸ், நெட்ல தப்பா போட்டிருக்காங்க."

"எதை?"

"நர்சிங் சேரணும்னா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சிருக்கணும்னு போட்டிருக்காங்க. மூணு காலேஜ்ல பாத்தேன். மூணுலயும் அப்படியேதான் போட்டிருக்காங்க மிஸ்."

அவள் குரலில் பயம் இல்லை. மூன்று கல்லூரிகளும் ஒரே தவறைச் செய்திருக்கின்றன, மிஸ்ஸிடம் சொன்னால் சரியாகிவிடும் என்பதுபோல நின்றாள்.

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்று சொல்லி ஓடினாள். கை கழுவும் இடத்தில் அவளுடைய தோழிகள் காத்திருந்தார்கள்.

மாலையில் கோகிலவாணி கேட்டாள்: "யார் மிஸ் அந்தப் பிள்ளைகிட்ட காமர்ஸ் படிச்சா நர்சிங் போலாம்னு சொன்னது? சேர்க்கும்போது நீங்கதான இருந்தீங்க?"

"வழி இருக்குன்னுதான் சொன்னேன்."

"என்ன வழி மிஸ்?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மணி அடித்தது. எழுந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பார்த்தேன். தெரிந்ததைத்தான் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

யோகஸ்ரீ எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாள்.

ஜூலை 21, திங்கள்

கேட்கவில்லை.

வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். திருத்திய தாளை அவள் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

நன்றாக யோசித்துப் பார்த்தால், நர்சு வேலை ஒன்றும் சுலபமில்லை. இரவுப் பணி. வெளியூர். கல்லூரிக் கட்டணம் அந்தக் குடும்பத்தால் முடியுமா என்பதும் கேள்வி. பி.காம். என்றால் உள்ளூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். வணிகவியல் படித்துத்தான் நானும் இந்த நிலைக்கு வந்தேன். எம்.காம்., எம்.பில். யாரும் என்னை ஏமாற்றிச் சேர்க்கவில்லை.

கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 26, சனி

மிளகாய், மல்லி அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். மின்சாரம் போய் வந்ததால் தாமதம். வீடு திரும்பியபோது சமையலறையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய் இருந்தது.

"யாரோ நாகமணின்னு ஒரு ஆன்ட்டி வந்தாங்கம்மா" என்றாள் அமுதினி. "உன் ஸ்டூடன்ட்டோட அம்மாவாம். வீட்டு மரத்துக் காய்னு குடுத்தாங்க."

"உக்காரச் சொன்னியா?"

"தண்ணி குடுத்தேன். பாதி ரெக்கார்டு வரைஞ்சிட்டிருந்தேன், எல்லாம் சோபா மேல கெடந்துச்சு. 'என்ன கண்ணு, கம்ப்யூட்டர் பாடத்துக்குப் படமெல்லாம் வரையோணுமா'ன்னு கேட்டாங்க. இது பயாலஜி ஆன்ட்டின்னேன். 'நீ எங்க பாப்பா மாதிரி காமர்ஸ்தான கண்ணு, அம்மா சொன்னாங்களே'ன்னாங்க. இல்ல ஆன்ட்டி, நான் பயோ-மேத்ஸ், நீட்டுக்குப் படிக்கிறேன்னு சொன்னேன்."

மிளகாய்த்தூளை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"படத்தையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. 'நல்லா வரையறே'ன்னாங்க. தண்ணியைக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டாங்க." பிறகு கேட்டாள்: "நீ ஏம்மா அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?"

"தும்மல் வரும், தள்ளிப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. "அம்மா, ஏன்?"

பேச்சை மாற்றத் தெரிந்தவள் நான். முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன், வீட்டிலும் வகுப்பிலும். இன்று எதுவும் வாயில் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டாள். அறைக்குள் போய், நான் சொல்லாமலேயே கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

கணவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமல் கேட்டார்.

"எல்லா ஸ்கூல்லயும் புள்ள புடிக்கிறாங்க. நீ மட்டுமா? அந்தம்மாவே கேட்டுட்டு வந்தா மாத்திக் குடு. கேக்காட்டி விடு."

"கேட்க மாட்டாங்க."

"அப்பறம் என்ன?"

அமுதினி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போனாள். முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

யோகஸ்ரீ வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வந்தாள். காய்ச்சல் என்றாள். அவள் அம்மா அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது. "மிஸ், போன வாரம் அம்மா உங்க வீட்டுக்கு வந்தாங்களாமே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். காய் நல்லா இருந்துச்சுங்களா என்று கேட்டாள்.

நல்லா இருந்தது என்றேன். அப்புறம் சொன்னேன்: "நீ பாத்தது சரிதான் யோகஸ்ரீ. நெட்ல தப்பில்ல. நான் சொன்னதுதான் தப்பு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மறந்துட்டீங்களா மிஸ்?" என்றாள்.

எனக்கு அவள் ஒரு கதவைத் திறந்து கொடுத்தாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்று அதற்குள் நுழைந்திருக்கலாம்.

"மறக்கல. தெரிஞ்சுதான் சொன்னேன். பிரிவு மாத்த நாளன்னைக்கு வரைக்கும் டயம் இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வா."

அவள் அழவில்லை. சுடிதார் துப்பட்டாவின் ஊசியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வகுப்புக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள்.

ஜூலை 30, புதன்

தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

"பூங்கோதை, உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரு பிள்ளைக்காகப் பதினாலு பேரை நடுத்தெருவுல விடறீங்களா? பக்கத்துல இந்தப் பிரிவு எங்க இருக்கு? ரெண்டு பஸ் மாறணும். உங்க கிளாஸ் கீர்த்திஷாவை அவ அப்பா பஸ் ஏத்துவாரா? அந்தப் புள்ள நாளைக்கே நூல் மில்லுக்குப் போயிரும். அந்தப் பாவம் யாருக்கு?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் அந்தப் பதினான்கு பேரை நினைத்தா நான் பேசினேன்? அவர்களின் பெயர்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. நான் நினைத்தது ஒரு பிள்ளையை. அவள் அப்போது தனியார் பள்ளியில், நல்ல ஆய்வகத்தில் இருந்தாள்.

இதை அவரிடம் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு நான் பொய் சொல்லியிருக்கேன் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா வந்து கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு ஸ்கூல் முடியறதுக்குள்ள. நானா கூப்பிட மாட்டேன்" என்றார்.

ஜூலை 31, வியாழன்

நாகமணி மதியம் வந்தாள். வேலைக்கு அரை நாள் விடுப்பு. சேலையின் தோளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. வராந்தாவில் நின்றே பேசினோம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

என்னவெல்லாமோ சொல்ல வைத்திருந்தேன். பேருந்தில் வரும்போது வாக்கியங்களை அடுக்கிப் பார்த்திருந்தேன். அவள் திட்டுவாள், திட்டி முடித்ததும் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"பயாலஜிக்கு மாத்திரலாம்னு பாப்பா சொல்லுச்சுங்க."

"ஆமாம்மா. இங்க கையெழுத்துப் போட்டா போதும். ஒரு மாசப் பாடம் போயிருக்கு. சமாளிச்சுருவா."

பேனாவை வாங்கினாள். வாங்கிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. பயாலஜி படிச்சா நர்சு ஆகலாம்கறது நெசந்தானுங்களா?"

"நிஜம்தான்."

"சரிங்க." பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நான் ஆஸ்பத்திரில ஒரு நர்சம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்தர்றனுங்க. அவருக்கு மாத்திரை வாங்கப் போறப்ப பழக்கம்."

பள்ளி முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. முடிந்ததும் தலைமையாசிரியை கணினியை மூடிவிடுவார். நிஜம்தான் நாகமணி, என்னை நம்பு, போட்டுவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

"போய்ட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

கடைசிப் பாடவேளை எனக்கு வகுப்பு. கோகிலவாணியைப் போகச் சொல்லிவிட்டு கேட் அருகில் நின்றேன். வாட்ச்மேன் நாற்காலி கொடுத்தார், வேண்டாம் என்றேன். தலைமையாசிரியை ஒரு முறை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவள் வராமல் போனால் பிரிவு தப்பிக்கும், நானும் தப்பிப்பேன், என்மேல் குற்றமும் இருக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இந்த நினைப்பு வந்தது. வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். ஒரு முறை வந்து போய்விடவில்லை. அங்கே நின்ற நேரமெல்லாம் இருந்தது.

பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் வந்துவிட்டாள், ஒரு ஷேர் ஆட்டோவில். மூச்சு வாங்கியது.

"சரிதானுங்களாம்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். யோகஸ்ரீ அம்மாவுக்குப் பின்னால் நின்றாள், என்னைப் பார்க்காமல்.

தலைமையாசிரியை இணையதளத்தில் மாற்றி முடிக்கும் வரை மூன்று பேரும் அறை வாசலில் நின்றோம். நான் சொன்னேன், "என்னை மன்னிச்சிருங்க நாகமணி."

"இருக்கட்டுங்க." தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "உங்க பாப்பா டாக்டருக்குங்களா படிக்குது?" என்றாள்.

"ஆமாம்."

"நல்லா இருக்கட்டும். நெம்ப நல்லாப் படம் போடுது."

குத்திப் பேசுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரச் சொன்னாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் யோகஸ்ரீ ஏதோ கேட்டாள், நாகமணி அவள் தலையைத் தடவிவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எண்ணிக்கை எடுத்துப் போனார்கள். பதினான்கு. இனி உத்தரவு வரும்.

காலையில் அமுதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேறு ஊருக்குப் போக நேரலாம் என்பதையும். அவள் பல் துலக்கிக்கொண்டே கேட்டாள். துப்பிவிட்டு, "எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றாள். அதைத்தான் அடுத்துச் சொல்ல இருந்தேன்.

முதல் பாடவேளை. பதினான்கு பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். யோகஸ்ரீ இருந்த பெஞ்சில் பைகளை வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்திருந்தது.

"மிஸ், நம்ம பிரிவ மூடீருவாங்களா?" கீர்த்திஷாதான் கேட்டாள்.

"மூடலாம். எனக்குத் தெரியாது."

"அப்ப நீங்க?"

"என்னையும் வேற ஊருக்கு மாத்துவாங்க."

"நல்ல ஊராப் பாத்து எடுங்க மிஸ், தியேட்டர் இருக்கற ஊரா" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். "மிஸ்ஸு தியேட்டருக்கா! மிஸ்ஸு சிரிச்சே நாங்க பாத்ததில்ல" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. கீர்த்திஷா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நாங்க என்ன மிஸ் பண்றது?" என்றாள்.

பதினான்கு பேரும் நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்கள்.